சூரியனைத் தூக்குகிறவன் யார் சொன்னால் நிற்பான்

பாப்பா, தம்பி, போன பொங்கலுக்கு வந்திருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டீர்கள். சூரியன்தூக்கி கதையின் முடிவில் அவன் நின்றானா, இல்லை அந்தச் சின்ன உலகம் வெந்துபோனதா என்று. வெந்துபோனது என்கிறான் தம்பி. நின்றான் என்கிறாள் பாப்பா. கதை சொன்னவன் நான், எனக்குத்தான் தெரியும். அவன் நின்றான். ஏன் நின்றான் என்பதைத்தான் நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால் நேரே உங்கள் அம்மாவிடம் போய் ஒப்பித்திருப்பீர்கள், அவள் என்னை வேலைக்கே அனுப்பியிருக்க மாட்டாள். இப்போது எழுதுகிறேன். நான் படித்தது பத்தாவது, அதற்கப்புறம் ஐ.டி.ஐ. எழுத்தில் தப்பு இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் தப்பு இருக்காது.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நாம் கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருந்தோம். உங்கள் பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். மத்தியானம் இரண்டு மணிக்கு வேலைக்குப் போகிற வாரங்களில், காலையில் உங்களை மொபெட்டில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. தம்பி முன்னால் நின்றுகொள்வான். பாப்பா பின்னால், இரண்டு பேர் பையும் அவள் மடியில். கேட் மூடியிருந்தால் ஊரே சலித்துக்கொள்ளும். நீங்கள் மட்டும் கைதட்டுவீர்கள். கூட்ஸ் வண்டி என்றால் இன்னும் சந்தோஷம், கதை அவ்வளவு நீளும்.

அந்தக் கதை எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் கேட்டில் நிற்கும்போது பாப்பா கேட்டாள்.

"யப்பா, ஒரு கோடி வருஷம் கழிச்சு மனுஷங்க எப்படி இருப்பாங்க?"

"சாவவே மாட்டாங்க" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா? அன்றைக்கே சாகாதவர்களுக்கு ஓர் உலகம் கட்ட வேண்டியதாகிவிட்டது.

எனக்குத் தெரிந்தது ஒரே தொழில்தான். அதை வைத்துத்தான் கட்டினேன். முட்டி தேய்ந்தால் பேரிங் மாற்றுகிற மாதிரி அவர்கள் முட்டி மாற்றிக்கொள்வார்கள். இதயம் பழுதானால் ஸ்டோரில் போய் இன்னொன்று வாங்கி மாட்டிக்கொள்வார்கள். ஒரு கோடி வருஷத்து ஞாபகம் ஒரு தலைக்குள் அடங்காது என்பதால், ஆளுக்கொரு நிலாவைக் குடைந்து, பழைய ஞாபகத்தையெல்லாம் அதற்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இருட்டாக இருந்தால் ஒரு நட்சத்திரத்தைக் கொஞ்சம் திருப்பிவிடுவார்கள். குளிராக இருந்தால் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்கள். சண்டை வந்தால் நாலாயிரம் வருஷம் பேசாமல் இருப்பார்கள். இதை இட்லி ஊற்றிக்கொண்டே கேட்ட உங்கள் அம்மா சொன்னாள்: "நாலாயிரம் வருஷமா? உங்க அண்ணி கூட அவ்ளோ நாள் தாங்க மாட்டாங்க."

அவர்களிலேயே பெரிய ஆள் சூரியன்தூக்கி. அணைந்துபோன சூரியனை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, எரிகிற சூரியன் ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைப்பது அவன் வேலை. அவனுக்குக் கை கிடையாது. நினைத்தால் போதும், சூரியன் தானாக எழும்பி வரும்.

"கை இல்லன்னா மூக்கு எப்படிப்பா நோண்டுவான்?" என்றான் தம்பி.

"அவனுக்கு மூக்கே இல்லடா."

"அப்ப அவன் சாமியா?"

"சாமி மாதிரி. ஆனா மனுஷன்தான். நம்ம பேரனுக்குப் பேரனுக்குப் பேரன்."

அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அது நான்தான். என் வேலை கிரேன் ஓட்டுவது. ரோட்டில் போகிற கிரேன் இல்லை. இரும்பு உருக்குகிற ஷெட்டுக்குள், கூரையை ஒட்டி, தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். மூன்று மாடி உயரத்தில் எனக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. பழைய இரும்பை உலையில் உருக்கி ஒரு பெரிய வாளியில் ஊற்றுவார்கள். லேடில் என்று அதற்குப் பெயர். ஆளை விட உயரம், உள்ளே செங்கல் கட்டியிருக்கும். அது நிறையத் தகதகவென்று உருக்கு. அதைத் தூக்கிக்கொண்டு போய் அச்சுகளுக்கு மேலே நிறுத்துவது நான். வெறும் கண்ணால் பார்க்க முடியாத ஒரு சாமானை இரண்டு கைப்பிடியால் நகர்த்திக்கொண்டு, கீழே இருக்கிற மனிதர்களை எறும்பு மாதிரி பார்த்துக்கொண்டு போவேன். உள்ளதைச் சொல்கிறேன், அங்கே போய் உட்கார்ந்தால் எனக்கு ஒரு கெத்து வந்துவிடும். அது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. கெத்து இல்லாதவன் அந்த வாளியைத் தூக்கக் கூடாது, கை நடுங்கும்.

கதை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பாதான் குறுக்கே வந்தாள். சூரியன்தூக்கி ஒரு புதுச் சூரியனை எடுத்துக்கொண்டு போகிற வழியில் ஒரு சின்ன உலகம் இருக்கிறது, அதில் நம்மை மாதிரி அறுபது எழுபது வருஷத்தில் செத்துப்போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். அழகுக்காகச் சொன்னது.

"சூரியன் பக்கத்துல போனா அவங்கல்லாம் வெந்துட மாட்டாங்களா?" என்றாள்.

"பாத்துப் போவான்."

"பாக்கலன்னா?"

"ஒரு கோடி வயசு பாப்பா அவனுக்கு. அனுபவம்."

"நீதானே சொன்ன, ஞாபகம்லாம் நிலாவுல வெச்சிட்டான்னு. அவங்க அங்க கீறாங்கன்றதே மறந்துட்டா? அப்ப யாரு நிறுத்துவாங்க?"

"அவனை விடப் பெரிய ஆள் ஒருத்தன் இருப்பான்."

"அவன யாரு நிறுத்துவாங்க?"

"அவனுக்கும் பெரிய ஆள்..."

"யப்பா, போதும்ப்பா" என்றாள் பாப்பா. "நிறுத்தறதுக்கு ஆளே இல்லன்னா அவன் சாமியில்ல, ரவுடி. இதுக்குப் பதில் சொல்லாம எனக்கு மேல கத வேணாம்."

தம்பிக்கு வேண்டியிருந்தது. அக்காவுக்குப் பயந்து அவனும் வேண்டாம் என்றுவிட்டான். ஒரு வாரம் கேட்டில் மூன்று பேரும் கதை இல்லாமல் கூட்ஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றோம். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் கம்பெனியில் அது நடந்தது.

எங்கள் ஷெட்டில் காண்டிராக்டில் ஆறேழு பெண்கள் இருந்தார்கள். உலைக்குப் போகிற பழைய இரும்பில் மூடிய டப்பா, ரப்பர், ஈரம் எதுவும் கலக்காமல் பொறுக்கி, ஓரத்தில் குப்பையாகக் குவிப்பது அவர்கள் வேலை. அதில் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆரணியிலிருந்து பஸ்ஸில் வருவார். தெலுங்கு பேசுகிற வீடு. மேஸ்திரியிலிருந்து மேனேஜர் வரை அவருக்கு எல்லோருமே நைனாதான். மேனேஜருக்கு மட்டும் கூட ஒரு சார் போட்டுக்கொள்வார். அது ஆடி மாதம். பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் புடவை கட்டியிருந்தார், அதற்கு மேலே கம்பெனி கொடுத்த காக்கிச் சட்டை.

மணி நாலரை. லேடில் நிறைந்து, தூக்கி, பாதி தூரம் வந்துவிட்டேன். கீழே சிக்னல்காரர் விசிலடித்து, 'வா, வா' என்று கை காட்டிக்கொண்டிருக்கிறார். அவர் எனக்கு மூத்த கூட்டாளி, அவர் கையை நம்பித்தான் நான் ஓட்டுவது. திடீரென்று முன்பக்கக் கண்ணாடியில், வாளி போகிற வழிக்குப் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, அந்த மஞ்சள் புடவை. வலது கையை உயரத் தூக்கி, உள்ளங்கையை விரித்து என்னைப் பார்த்து நிற்கிறார்.

கிரேன் பழகும்போது முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லித்தருவார்கள். தூக்கு, இறக்கு, வா, போ இதெல்லாம் ஒரே ஒருவர் சொன்னால்தான் செய்ய வேண்டும், அது சிக்னல்காரர். முதலாளியே வந்து 'வா' என்றாலும் அசையக் கூடாது. ஆனால் 'நில்' என்பதை யார் காட்டினாலும் நிற்க வேண்டும். கூட்டுகிறவர் காட்டினாலும், டீ கொண்டு வருகிறவர் காட்டினாலும். அத்தனை வருஷத்தில் சிக்னல்காரரைத் தவிர யாரும் எனக்கு 'நில்' காட்டியதில்லை. ஒரு மூச்சு நேரம் எனக்குக் கோபம்தான் வந்தது, பேஜார் பண்ணுகிறாரே இந்தம்மா என்று. ஆனாலும் கை பழக்கப்பட்டிருந்தது. நிறுத்தினேன். ஒரேயடியாக நிறுத்தினால் வாளி ஊஞ்சலாடி உருக்கு சிந்தும். அதன் ஆட்டத்தோடு கொஞ்சம் போய், அடக்கி, நிறுத்தினேன்.

அந்த அம்மா வாளியின் வயிற்றைக் காட்டிக் கத்துகிறார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. பக்கவாட்டில் போய்ப் பார்த்த சிக்னல்காரர், ஆபத்து, அசையாதே என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார். லேடிலின் வயிற்றில் வெளிப்பக்கம் சிவப்பு. உள்ளே செங்கல் கரைந்து உருக்கு வெளியே வரப் போகிறது என்றால்தான் அப்படிச் சிவக்கும். வந்தால் கீழே இருக்கிற ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். எல்லோரையும் விரட்டினார்கள். ஷிப்ட் இன்ஜினியர் ஓடி வந்தார். தூரத்தில் நின்று பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், நிமிடம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் என்னை ஓர் அடி நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். லேடில் நகர்ந்தது. சிவப்பு நகரவில்லை.

மேற்குச் சுவரில் ஒரு தகரம் பெயர்ந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக ஆடி மாதத்துச் சாயங்கால வெயில் வந்து, தூசிக்குள் புகுந்து, துருப்பிடித்த வாளியின் மேல் ஒரு தட்டு அளவுக்கு விழுந்திருந்தது. அவ்வளவுதான்.

அதற்குள் உருக்கு ஆறிவிட்டது. பாதியைத் திரும்ப உலையில் ஊற்றினோம், மீதி வாளியிலேயே உறைந்துபோனது. உறைந்ததை வெட்டி எடுக்க இரண்டு நாள் ஆகும். உலையில் ஒரு தடவை உருக்குகிற மொத்த உருக்குக்கும் ஹீட் என்று பெயர். "ஒரு ஹீட் போச்சு, ஒரு ஹீட் போச்சு" என்று இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மா ஓரமாக நின்று, "ஆத்தா காப்பாத்துனா, ஒண்ணுமில்லாம போச்சே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா உன்னக் காப்பாத்திட்டா. என் ஹீட்ட யாரும்மா காப்பாத்துறது?" என்றார் இன்ஜினியர்.

மறுநாள் ஷிப்டுக்கு முன்னால் மேனேஜர் ரூமில் விசாரணை. அந்த அம்மா, நான், சிக்னல்காரர், இன்ஜினியர். போவதற்கு முன்பே கம்பெனி வாசலில் எனக்குத் தெரிந்துவிட்டது, நாளையிலிருந்து அந்த அம்மாவை நிறுத்திவிடும்படி காண்டிராக்டருக்குச் சொல்லியாகிவிட்டது, விசாரணை பேருக்குத்தான் என்று. வீட்டுக்காரர் இல்லாதவர். சுற்றுவட்டாரத்தில் நாலு கம்பெனிக்கு அதே காண்டிராக்டர்தான் ஆள் அனுப்புகிறார். இங்கே போனால் எங்கேயும் போச்சு.

மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்குக் காரமாக இருந்தார். "வெயிலுக்கும் நெருப்புக்கும் வித்தியாசம் தெரியாதாம்மா உனக்கு?" என்றார்.

"தெரியல நைனா சார். செவப்பா இருந்துச்சு, தூக்கிட்டேன் கைய."

"மஞ்சக் கோட்டுக்குள்ள ஏன் போன? அதுக்கே உன்ன அனுப்பணும்."

அந்த அம்மா என்னை ஒரு தரம் பார்த்தார். "மொதல்ல கோட்டுக்கு வெளியில, குப்பையாண்டதான் நின்னுக்கினு தூக்கினேன். ரெண்டு தபா. மேல இருக்கறவரு பாக்கல. அப்புறம்தான் ஓடினேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா?"

'அங்கே யாரும் கை தூக்கவில்லை' என்று நான் சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். எனக்கு ஒரு சேதமும் இல்லை.

"பாக்கல சார். ஆனா தூக்கியிருப்பாங்க. அந்தப் பக்கக் கண்ணாடி கறுப்பாகி ரொம்ப நாளாச்சு."

"அத யாரு தொடைக்கணும்?"

"நான்தான் சார். சிக்னல்காரர் தெரியுற பக்கம் மட்டும் தொடைச்சுக்குவேன்."

இன்ஜினியர் குறுக்கே வந்தார். "சார், அதெல்லாம் வேற. ஒண்ணுமே இல்லாததுக்கு நிறுத்த வெச்சிருக்காங்க. அதுக்கு இவன் இன்னா சொல்றான் கேளுங்க."

அப்போது பேசினேன். அதற்கு முன்னால் மேனேஜர் முன்னே நான் 'சரி சார்' தவிர வேறு பேசியதில்லை.

"சார், நாளைக்கும் இந்தம்மா கை தூக்கினா நான் நிறுத்துவேன். மொதல்ல நிறுத்திட்டு அப்புறம்தான் ஏன்னு கேப்பேன். இன்னிக்கு இவங்கள அனுப்பிட்டீங்கன்னா, நாளைக்கு நெஜமாவே செவந்திருந்தாகூட ஒருத்தரும் கை தூக்க மாட்டாங்க. எனக்கு மேல இருந்து வாளியோட வயிறு தெரியாது. நான் பாட்டுக்குத் தூக்கிக்கினு வந்துக்கினே இருப்பேன். கீழ நீங்ககூட நிப்பீங்க."

சிக்னல்காரர் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியும். மேனேஜர் பேனாவை மேசையில் இரண்டு முறை தட்டினார்.

"உனக்கு மெமோ. கண்ணாடிக்கு" என்றார். இன்ஜினியரிடம், "அந்தத் தகரத்த இன்னிக்கே மூடுங்க" என்றார். அந்த அம்மாவைப் பார்த்து, "நீ இன்னாம்மா நின்னுக்கினே கீற? உள்ள ஸ்கிராப் லாரி வந்து நிக்குது பாரு, போ."

வெளியே வந்ததும் அந்த அம்மா எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா நைனா, மேல ஏறி உக்காந்தா கண்ணு அவிஞ்சு பூடுமா?" என்றார். சொல்லிவிட்டு லாரிப் பக்கம் விடுவிடுவென்று போய்விட்டார். எனக்கு அது மெமோவை விட உறைத்தது. வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் கேட் மூடியிருந்தது. நான் வண்டியை ஆஃப் செய்துவிட்டுச் சொன்னேன்.

"பாப்பா, பதில் கிடைச்சிடுச்சு. சாகாதவங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. ஒரே ஒரு சட்டம். சூரியன எங்க வைக்கணும், எப்ப தூக்கணும்னு அவங்களுக்குள்ளதான் பேசிப்பாங்க, அதுல நம்ம பேச்சு எடுபடாது. ஆனா நில்லுன்னு யாரு கை தூக்கினாலும் நின்னுடணும். அறுபது வருஷத்துல சாவப்போறவன் தூக்கினாலும், உன்ன மாதிரி சில்வண்டு தூக்கினாலும். நின்னுட்டுத்தான் ஏன்னு கேக்கணும்."

பாப்பா விடவில்லை. "சும்மானாச்சும் தூக்கினா? தெரியாம தூக்கிட்டா?"

"நிப்பான். இன்னான்னு பாப்பான். ஒண்ணுமில்லன்னா போவான்."

"அவனுக்கு லேட் ஆவாதா?"

"சாவே இல்லாதவனுக்கு இன்னா பாப்பா லேட்டு?"

அவள் முகம் வண்டிக் கண்ணாடியில் தெரிந்தது. ஒத்துக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்டால் தலையை ஆட்ட மாட்டாள், பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். தம்பி அதற்குள், வந்துகொண்டிருந்த ரயிலைப் பார்த்து ஒரு கையை உயரத் தூக்கிவிட்டான். வண்டி தடதடவென்று போனது.

"நிக்கலயேப்பா!"

"அவங்க இன்னும் சாகாதவங்க ஆவலடா" என்றேன். அன்றைக்குத் தம்பிக்குக் கதை அதோடு முடிந்துபோனது போலிருக்கிறது. அதனால்தான் இன்னமும் வெந்துபோனது என்கிறான்.

ஒரு கோடி வருஷம் கழித்து மனிதன் அப்படித்தான் ஆவான் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது, பிள்ளைகளா. இது கதைக்காகச் சொல்வதல்ல. சாவை ஜெயிக்கிற அளவுக்குப் புத்தி வந்தவனுக்கு, ஒரு கை தூக்கினால் நிற்கிற புத்தி வராமலா போகும்? வந்தே தீரும். எங்கள் ஷெட்டிலேயே வந்ததே.

உங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அன்றைக்கு வீட்டுக்கு வராமல் நேரே கம்பெனிக்குப் போனேன். ஏன் சீக்கிரம் போனேன் என்று உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உறைந்த வாளியை வெட்டுகிற வேலை வெளியே நடந்துகொண்டிருந்ததால் ஷெட்டுக்குள் ஆள் இல்லை. மேலே ஏறி, பஞ்சில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து இடது பக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். மூன்று பஞ்சு கறுத்தது. அப்புறம் இறங்கி வந்து, மஞ்சள் கோட்டுக்கு வெளியே, அந்த அம்மா நின்றதாகச் சொன்ன குப்பைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கிருந்து என் கூண்டை நான் பார்த்ததே கிடையாது. எவ்வளவு உயரம் அது! வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, காலியாக இருந்த என் நாற்காலியைப் பார்த்துப் பிடித்தேன். துடைத்த கண்ணாடி வழியாக, நாற்காலியின் முதுகில் நான் போட்டு வைத்திருந்த நீலத் துண்டு நன்றாகவே தெரிந்தது. கை வலிக்கிற வரைக்கும் அப்படியே நின்றிருந்துவிட்டு இறக்கினேன்.